முதலில் மொட்டை மாடி

குறைந்த செலவில் வீட்டை நாமே சீரமைத்துக்கொள்வது பற்றிப் பேச்சு வந்தாலே, காலி பாட்டிலுக்கு வண்ணம் தீட்டிச் செடி வைப்பது, பழைய டயரில் ஊஞ்சல் கட்டுவது, பலகையை அடித்து அலமாரி செய்வது என்றுதான் பலருக்கும் நினைவு போகிறது. அவற்றில் குற்றம் ஏதுமில்லை. கைவேலை தரும் மகிழ்ச்சி அவற்றிலும் உண்டு. ஆனால், மாதச் சம்பளத்துக்குள் வீட்டை நடத்தும் ஒரு குடும்பம், ஓய்வு நாளில் நான்கு மணி நேரத்தையும் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாயையும் ஒதுக்க முடியுமென்றால், அந்த நேரமும் பணமும் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் மொட்டை மாடி. கோடை வெப்பம் வீட்டுக்குள் இறங்குவது அதன் வழியாகத்தான். மழை வந்து விழுவதும் அங்கேதான். சமையலறைக் கழிவை மக்க வைக்கவும் நாலு செடி வளர்க்கவும் நகரத்து வீட்டில் மிஞ்சியிருக்கும் வெட்டவெளியும் அது ஒன்றே. அங்கே செய்யக்கூடிய வேலைகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது: வெப்பம் முதலில், தண்ணீர் அடுத்து, கழிவு பிறகு, தோட்டம் கடைசியில். நாம் பெரும்பாலும் கடைசியில் வரவேண்டியதை முதலில் வாங்கி வைத்துவிட்டு, மே மாதத்தில் செடி கருகியதும் எல்லாவற்றையும் கைவிட்டுவிடுகிறோம். இந்த வரிசையை மாற்றிக்கொண்டால் செலவும் குறையும், செய்த வேலையும் நிலைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

வெப்பத்தை ஏன் முதலில் வைக்க வேண்டும்? ஓட்டு வீடுகளும் கீற்றுக் கூரைகளும் மறைந்து, நான்கைந்து அங்குலக் கான்கிரீட் தளம் போட்ட வீடுகளே இன்று ஊரெங்கும் நிற்கின்றன. அந்தத் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, அதன் மேல் தட்டோடு பதிப்பது முன்பு வழக்கம். அந்த அடுக்கு வெயிலையும் தடுத்தது, மழையையும் தடுத்தது. செலவைக் குறைக்கிறோம் என்று பல வீடுகளில் அது சிமென்ட் பூச்சோடு நின்றுவிட்டது. வெறும் கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. மே மாத நண்பகலில் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸையும் எட்டும். உறிஞ்சிய வெப்பம் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, வெயில் போன பிறகும் அறைக்குள் உமிழப்பட்டுக்கொண்டே இருக்கிறது. வெளியே காற்று குளிர்ந்த பிறகும் மேல்தளத்து அறையில் இரவு பத்து மணிக்குப் புழுக்கம் தாங்காததற்குக் காரணம் இதுதான். மின்விசிறியை எவ்வளவு வேகமாகச் சுழலவிட்டாலும் அது கீழே தள்ளுவது, சூடான தளத்தை ஒட்டி நிற்கும் காற்றையே.

இந்த நிலையில் நடுத்தரக் குடும்பம் எடுக்கும் முடிவு ஏசி வாங்குவது. ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட் எடுக்கிறது என்று குறைத்தே கணக்கிட்டாலும், இரவு எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்குக் கீழே இருப்பவர்களுக்குக் கிடைக்கும் மலிவான படியும் கைவிட்டுப் போகிறது. இவ்வளவு மின்சாரத்தையும் செலவழித்து அந்த இயந்திரம் செய்வதில் ஒரு பெரும்பகுதி, தளம் பகலெல்லாம் உறிஞ்சி வைத்த வெப்பத்தை இரவெல்லாம் வெளியே இறைப்பது. தளம் அந்த வெப்பத்தை வாங்காமலே இருக்கச் செய்தால், ஏசி இல்லாத வீடு தூங்கக்கூடியதாகும். ஏசி இருக்கும் வீட்டிலும் அது குறைவாக ஓடும்.

அதற்கு வேண்டியது வெள்ளை நிறம். நன்றாக வெள்ளையடித்த தளம், தன்மேல் விழும் வெயிலில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். இப்படிச் செய்த வீடுகளில் அறை வெப்பம் இரண்டிலிருந்து ஐந்து டிகிரி வரை குறைவதாகப் பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. மேல்தளத்தில், காற்றோட்டம் குறைந்த அறையில், இந்த வித்தியாசம் தூக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் இடையிலான வித்தியாசம். வெப்பச் செயல்திட்டத்தை 2013இலேயே வகுத்த அகமதாபாத் நகரம், பிற்பாடு குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளையடிப்பதை அதன் ஒரு பகுதியாக்கியது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024இல் அறிவித்த தமிழ்நாட்டில், வீட்டுக் கூரை இன்னும் அந்தந்தக் குடும்பத்தின் சொந்தக் கவலையாகவே கிடக்கிறது.

வேலை எளிது. தளத்தைப் பெருக்கி, பாசியை இரும்பு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். கடையில் பொடியாகவே கிடைக்கும் நீற்றிய சுண்ணாம்பை முந்தைய நாள் இரவே நீரில் கரைத்து வைத்து, மறுநாள் துணியில் வடிகட்டி, உதிராமல் பிடிப்பதற்குக் கொஞ்சம் பசை சேர்த்துக்கொள்ள வேண்டும். தளத்தை ஈரமாக்கிவிட்டு மெல்லியதாகப் பூச வேண்டும். ஒரே தடவை கெட்டியாகப் பூசினால் ஏடு ஏடாக உரிந்துவிடும். மெல்லியதாக மூன்று பூச்சு என்பதே பழைய பெயின்டர்களின் முறை. ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்தது. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்துச் சுண்ணாம்பு மெல்லக் கல்லாக இறுகும் என்பதால், சுள்ளென்ற வெயிலில் பூசாமல் மாலையில் பூசுவது நல்லது. ஆயிரம் சதுர அடிக்குச் சுண்ணாம்பு, பசை, மட்டை எல்லாம் சேர்த்துப் பெரும்பாலும் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். சுட்ட சுண்ணாம்புக் கல்லை வாங்கி வீட்டில் தண்ணீர் ஊற்றி நீற்றக் கூடாது. அது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நீற்றிய பொடியைக் கையாளும்போதும் கண்ணாடியும் கையுறையும் வேண்டும். அடுத்தது, ஆஸ்பெஸ்டாஸ் கூரையை ஒருபோதும் உலர்ந்த நிலையில் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. அதிலிருந்து கிளம்பும் தூசு நுரையீரலைக் கெடுக்கும். அதன்மேல் ஏறி நடப்பதும் உயிருக்கு ஆபத்து. அத்தகைய கூரைக்கு ஏணியிலோ சாரத்திலோ நின்று, ஈரப்படுத்தி, பூச மட்டுமே செய்யலாம்.

சுண்ணாம்பு ஒரு மழையில் கரைந்துபோகுமே, ஆண்டுதோறும் யார் செய்வது என்று கேட்பார்கள். கரைவது உண்மை. ஐந்தாறு ஆண்டு தாங்கும் குளிர்கூரைப் பெயின்ட்டும் வெள்ளை ஓடும் சந்தையில் இருக்கின்றன; பணம் இருப்பவர்கள் அதையே செய்யலாம், அது சிறந்ததும்கூட. ஆனால் அதற்கு ஆகும் தொகை சுண்ணாம்பின் செலவைப்போலப் பல மடங்கு. இல்லாதவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை செய்வதில் பாதகம் என்ன? பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது இந்த மண்ணில் தலைமுறைகளாக இருந்த பழக்கம். பெரும்பாலும் வீட்டார்தான் அடித்தார்கள், கூலி ஆளைத் தேடவில்லை. காலக் கணக்கும் சரியாகப் பொருந்துகிறது: வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்கிறது, கோடை மார்ச்சில் தொடங்குகிறது, இரண்டுக்கும் நடுவில் தை பிறக்கிறது. தையில் பூசிய சுண்ணாம்பு கோடை முழுவதும் வெள்ளையாக நிற்கும். ஐப்பசி மழையில் அது மங்கும்போது நமக்கு அதன் தேவையும் இல்லை. எமல்ஷன் பெயின்ட் வந்த பிறகு சுவருக்கு ஆண்டுதோறும் அடிக்கும் அவசியம் போய்விட்டது. அந்த ஒரு நாள் உழைப்பைச் சுவரிலிருந்து தளத்துக்கு மாற்றச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

வெள்ளையடிப்பதற்காகத் தளத்தைக் கழுவும்போதே இரண்டாவது வேலையும் கண்ணில் படும்: நீர் போகும் துளையில் சருகு அடைத்திருக்கும், மழைநீர்க் குழாய் விரிசல் விட்டிருக்கும், அல்லது குழாய் நேராகத் தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கும். எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003இல் கட்டாயமாக்கியது. அன்று அவசரமாகக் கட்டிய அமைப்புகளில் பல, பராமரிப்பில்லாமல் மண் மூடிப் போய்விட்டன. ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் விழுந்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடித் தளம் என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். சென்னையின் சராசரி ஆண்டு மழை 1,300 மில்லிமீட்டருக்குக் குறையாது என்று கொண்டால், அந்த ஒரு தளத்தில் மட்டும் 1,20,000 லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் லாரிகளில் பத்து. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்தபோது ஒரு லாரித் தண்ணீருக்கு இந்த நகரம் எப்படிக் காத்துக்கிடந்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விழும் நீர் முழுவதையும் பிடித்துவிட முடியாது. முதல் மழையை அழுக்கோடு வெளியே விட்டுவிட வேண்டும், ஆவியாவதும் உண்டு. அப்படியும் முக்கால் பங்கு நிலத்துக்குள் போகும். கிணறோ ஆழ்குழாயோ இருக்கும் வீட்டில், புதிதாக எதுவும் கட்டாமல், குழாயின் வாயில் வலை கட்டி, வடிகட்டித் தொட்டியிலுள்ள கூழாங்கல்லையும் மணலையும் அள்ளிக் கழுவித் திரும்ப நிரப்பினாலே பாதி வேலை முடிந்தது. வைகாசி, ஆனியில் ஒரு நாள் போதும். இதற்கு யாரும் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது சொட்டும் குழாயையும் விட்டுவிட முடியாது. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 லிட்டர். வாஷர் தேய்ந்திருப்பதே பெரும்பாலும் காரணம். சில ரூபாய் வாஷர், ஒரு ஸ்பேனர், மேல்நிலைத் தொட்டியின் வால்வை மூடத் தெரிந்திருப்பது, இவ்வளவே தேவை. இந்த வேலைக்குப் பிளம்பரை அழைத்தால் அவர் வர வாரமாகிறது, வந்தால் குறைந்தபட்சக் கூலி கேட்கிறார். கேட்பதில் நியாயமும் இருக்கிறது, அவருடைய அரை நாள் அதில் போகிறதல்லவா? பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர ஒரு வகுப்பு போதும். சொல்லித்தராமல் இருப்பது நம் கல்வியின் குறை என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது, கழிவு. நான்கு பேர் உள்ள வீட்டில் காய்கறித் தோல், பழத்தோல், டீத்தூள், கீரைத் தண்டு என்று நாளுக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை சேர்கிறது. நம் நகரங்களின் குப்பையில் பாதிக்குப் பாதி இப்படி மக்கக்கூடியதுதான். பிளாஸ்டிக்கோடு கலந்து சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளுக்குப் போகும்போது அது மலையாகி, அழுகி, மீத்தேனைக் கக்கி, தீப்பிடிக்கிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் புகைந்ததைச் சுற்றியிருந்த மக்கள் மூச்சடைத்து அனுபவித்தார்கள். கழிவை வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லின. பிரித்ததை மக்க வைக்க, காலியான இருபது லிட்டர் பெயின்ட் வாளிகள் சில போதும். பக்கங்களிலும் அடியிலும் துளை போட்டு, அடியில் சருகு பரப்பி, ஒரு கைப்பிடி கழிவுக்கு ஒரு கைப்பிடி காய்ந்த சருகோ தென்னை நார்க்கழிவோ போட்டு வர வேண்டும். தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் நுண்ணுயிர் விரைவில் பெருகும். ஒரு வாளி நிரம்பியதும் மூடி ஒதுக்கிவிட்டு, அடுத்த வாளிக்கு மாற வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனை வீசும் கரிய உரம் கிடைக்கும். நாற்றம் வருகிறது, புழு வருகிறது என்று கைவிட்டவர்கள் ஏராளம். நாற்றத்துக்குக் காரணம் ஒன்றே: ஈரம் மிகுந்து காற்று குறைந்துவிட்டது. சருகைக் கூட்டிப் போட்டுக் கிளறிவிட்டால் இரண்டு நாளில் அடங்கும். சாதமும் குழம்பும் மீனும் இறைச்சியும் பழகும்வரை வேண்டாம்.

தோட்டத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். உரம் கையில் இருந்தால்தான் தோட்டம் மலிவு. இல்லாவிட்டால் உரம், மண், பை என்று எல்லாவற்றையும் விலைக்கு வாங்கி, ஐம்பது ரூபாய்க் கத்தரிக்காயை ஐந்நூறு ரூபாய்க்கு விளைவித்தவர்களாவோம். மாடித் தோட்டத்தைத் தமிழ்நாட்டுத் தோட்டக்கலைத் துறை பத்தாண்டுகளுக்கும் மேலாக ஊக்குவித்து வருகிறது. விதை, நார்க்கழிவு, உயிர் உரம் அடங்கிய தொகுப்பை மானிய விலையில் தந்திருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் தளத்தின் எடை தாங்கும் திறன் பற்றிய எச்சரிக்கை, விதைக்கு முன்னால் மக்களைச் சென்றடைய வேண்டியது. ஆட்கள் நடமாடும் மாடித் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் பாரத்துக்கு வடிவமைப்பதே இந்தியத் தர நிர்ணயத்தின் கணக்கு. நனைந்த தோட்ட மண்ணை நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்பினாலே அந்த எல்லையை எட்டி, தாண்டியும் விடுகிறது. ஆகவே தளத்தின் நடுவில் பாத்தி கட்டுவது கூடவே கூடாது. நார்க்கழிவும் மக்கிய உரமும் மிகுதியாகவும் மண் குறைவாகவும் கலந்து, பைகளைச் சுவருக்கு மேலே வரும் ஓரங்களில், தளத்தைத் தொடாமல் செங்கல் மேலோ தாங்கி மேலோ வைத்தால் ஓதமும் வராது, பாரமும் ஏறாது. ஆடிப் பட்டத்தில் தொடங்குவது புத்திசாலித்தனம். கீரை மூன்று நான்கு வாரத்தில் அறுப்புக்கு வரும். பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் அன்றாடம் கடைக்கு ஓடுவதைக் குறைக்கும். ஒரு குடும்பத்தின் காய்கறிச் செலவை முழுவதும் இது ஈடுகட்டும் என்று சொல்பவர்களை நான் நம்பவில்லை. செடிக்கு அடியில் தட்டு வைத்து நீர் தேக்கினால் ஒரு வாரத்துக்குச் சற்று மேலாவதற்குள் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். டெங்குவை நாமே வளர்த்ததாகும்.

இந்த வரிசைக்கு எதிராக வரும் கேள்விகளில் கனமானது, தொழிலாளியின் பிழைப்பைப் பற்றியது. எல்லாரும் தாங்களே செய்துகொண்டால் கொத்தனாரும் பெயின்டரும் எங்கே போவார்கள்? மேலே சொன்ன வேலைகளில் எதுவும் இன்று அவர்களுக்குக் கூலியாகப் போவதில்லை. செய்யப்படாமல் கிடக்கும் வேலைகள் இவை. தளக் கசிவு அடைப்பது, மின்கம்பி இழுப்பது, கைப்பிடிச் சுவர் எழுப்புவது போன்றவற்றைத் தெரியாதவர்கள் தொடவே கூடாது. அங்கே பயிற்சி பெற்றவருக்கு முழுக் கூலி கொடுத்தாக வேண்டும். தவிர, இந்த நகரங்களில் மிகவும் வெந்துகொண்டிருப்பது கட்டடத் தொழிலாளர்களின் தகரக் கூரைகளும் சிமென்ட் ஷீட் கூரைகளும்தான். சுண்ணாம்பு ஒரு மூட்டை அதிகம் பயன்படப்போவது அங்கேதான்.

வாடகை வீட்டுக்காரர்களின் சிக்கல் உண்மையானது. 2017இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதை உரிமையாளர் பொறுப்பிலும், குழாய் வாஷர் மாற்றுவதையும் தோட்டப் பராமரிப்பையும் குடியிருப்பவர் பொறுப்பிலும் வைக்கிறது. மாடித் தளத்தின் பூச்சைத் தனியாகச் சொல்லவில்லை. மேல்தளத்தில் குடியிருப்பவர் பொருளுக்கான செலவை வாடகையில் கழித்துக்கொள்ள உரிமையாளரிடம் எழுத்தில் கேட்கலாம். தளம் வெயிலில் விரிந்து வெடிப்பது குறைவதால் ஆதாயம் உரிமையாளருக்கும்தான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இது இன்னும் எளிது; சங்கத்தின் பராமரிப்புக் கணக்கில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் குளிர்ச்சி பெறுவது மேல்தளத்து வீடுகள் மட்டுமே என்பதால் மற்றவர்கள் மறுப்பார்கள். தண்ணீர் சேகரிப்பில் எல்லாருக்கும் பங்கிருப்பதைச் சொல்லி, இரண்டையும் ஒரே வேலையாக முன்வைப்பதே வழி.

இதையெல்லாம் வீட்டில் யார் செய்வது என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பல வீடுகளில் சமையல் முடித்த பெண்ணின் தலையில்தான் உரவாளியும் செடித் தண்ணீரும் வந்து விழும். ஏற்கெனவே நீளும் அவர்களுடைய நாளில் இன்னொரு வேலையைச் சேர்த்துவிட்டு அதைச் சிக்கனம் என்று சொல்வது அநியாயம். வெள்ளையடிப்பதும் குழாய் சரிசெய்வதும் உரவாளி கிளறுவதும் வீட்டு ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் எடுத்துக்கொள்ள வேண்டியவை. அதற்கு ஆள் இல்லாத வீட்டில், ஆண்டுக்கு ஒருநாள் வேலையான தளப்பூச்சோடு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை. வரிசையில் அது முதலில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரசு செய்ய வேண்டியதை மக்கள் தலையில் கட்டுகிறோமா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. ஏரியைத் தூர்வாருவதும், மரம் வளர்ப்பதும், குப்பைக் கிடங்கை அகற்றுவதும் அரசின் கடமை. ஒரு வாளி உரம் அதற்கு ஈடாகாது. ஆனால் வீட்டுக் கூரை விஷயத்தில் அரசு செய்யக்கூடியது மிகச் சிறியது, மலிவானது. தோட்டக்கலைத் துறை விதைத் தொகுப்பு தருவதைப்போல, கூட்டுறவுக் கடைகளில் மார்கழி மாதத்தில் நீற்றிய சுண்ணாம்பும் பசையும் மட்டையும் கண்ணாடியும் கையுறையும் அடங்கிய தொகுப்பை அடக்க விலைக்கு விற்கலாம். ஷீட் கூரை வீடுகளுக்கு இலவசமாகவே கொடுத்து, பாதுகாப்பாகப் பூசத் தெரிந்த ஆளையும் அனுப்பலாம். மாநகராட்சியின் ஒவ்வொரு வார்டிலும் ஒரு பள்ளிக் கட்டடத்தின் தளத்துக்குத் தை மாதத்தில் வெள்ளையடித்து, பூசாத பக்கத்து வகுப்பறையிலும் பூசிய வகுப்பறையிலும் தலா ஒரு வெப்பமானியை மாட்டி, மே மாதம் வரை அளவைப் பள்ளி வாசலில் எழுதிப் போடலாம். இரண்டு எண்களையும் பெற்றோர் தினமும் பார்த்துவிட்டுப் போகட்டும்.